லைஃப் டைம் ஆயிலாம்... யாரோட லைஃப்ங்க?

ஆட்டோமேட்டிக் கார் வச்சிருக்கற பதிவுலக மக்களே, ஒரே ஒரு கேள்வி. உங்க வண்டியோட கியர்பாக்ஸ் ஆயிலைக் கடைசியா எப்ப மாத்துனீங்க? "அதெல்லாம் மாத்தவே வேண்டாமாம், சீல் பண்ணி வருதாம், லைஃப் டைமாம்"னு சொல்றவங்களுக்குத்தான் இந்தப் பதிவு.

எங்க வீரபாண்டிப் பக்கம் ஏதாவது ஒரு நிட்டிங் கம்பெனிக்குள்ள போய், "ஊசிக்கு ஒரு தடவை ஆயில் போட்டா ஆயுசுக்கும் போதுமாங்க?"ன்னு கேட்டுப் பாருங்க. சிரிப்பாங்க. அங்க மிஷின் ஓடற வரைக்கும் ஆயிலும் போயிட்டே இருக்கணும். இல்லீன்னா ஊசி உடையும், துணியில கோடு விழும். இது தெரிஞ்ச முதலாளியே சொந்தக் கார்னு வந்தா மட்டும் லைஃப் டைம்ங்கற வார்த்தைய நம்பிடறார் பாருங்க, அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

இந்த ஏடிஎஃப் சும்மா வழுக்கி விடற எண்ணெய் இல்லீங்க. டார்க் கன்வெர்ட்டர் வண்டியில, நின்ன இடத்துல இருந்து கிளம்பறப்ப எஞ்சினோட சுழற்சியைக் கடத்தறதே அந்த எண்ணெய்தான். பிரஷரா நின்னு உள்ள இருக்கற கிளட்சை அமுக்கறதும் அதேதான். சூட்டை வெளிய கொண்டு போறதும் அதேதான். கிளட்ச் ரொம்ப வழுக்கவும் கூடாது, வெடுக்குன்னு பிடிக்கவும் கூடாது. அந்த உரசலை அளவா வைக்கறதுக்குன்னே ஆயில்ல மருந்து கலக்கறாங்க. ஒரு காலத்துல இதுக்குத் திமிங்கல எண்ணெயைத்தான் கலந்தாங்க. 1970கள்ல அமெரிக்காவுல திமிங்கலத்தைக் காப்பாத்தச் சட்டம் வந்தப்புறம்தான் வேற மருந்து தேடினாங்க. அந்த மருந்து தீர்ந்து போனாலும் ஆயில் பார்க்க ஆயிலாத்தான் இருக்கும். வேலைதான் செய்யாது.

மருந்தைத் தின்கிறது சூடு. ஒவ்வொரு பத்து டிகிரி ஏறும்போதும் எண்ணெய் கெட்டுப் போற வேகம் கிட்டத்தட்ட ரெட்டிப்பாகும்கறது பழைய கணக்கு. இப்ப நம்ம பல்லடம் ரோட்டை நெனைச்சுப் பாருங்க. சித்திரை வெயில், முன்னாடி கம்பெனி பஸ், பக்கத்துல பீஸ் ஏத்தின டெம்போ, ஊர்ந்து ஊர்ந்து போறோம். மேனுவல் புக்ல 'கடினமான உபயோகம்'னு தனியா ஒரு பகுதி இருக்கும். வெக்கை, தூசி, நின்னு நின்னு போற ஓட்டம், சின்னச் சின்னத் தூரம். நம்ம ஊரை நேர்ல பார்த்து எழுதின மாதிரியே இருக்கும்!

"கம்பெனிக்காரனுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?"னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. ஆனா எந்தக் கம்பெனிக்காரன்? பிஎம்டபிள்யூ ரொம்ப காலம் லைஃப் டைம் ஆயில்னுதான் சொல்லிட்டு இருந்தாங்க. அவங்களுக்கு அந்த கியர்பாக்ஸை செஞ்சு கொடுக்கற ஜெர்மனியோட இசட்எஃப் கம்பெனி என்ன சொல்லுது தெரியுமா? ஓட்டற விதத்தைப் பொறுத்து 80,000-ல இருந்து 1,20,000 கிலோமீட்டருக்குள்ள மாத்துங்க, இல்லேன்னா அதிகபட்சம் எட்டு வருஷம்னு. பெட்டியை விக்கறவன் ஒண்ணு சொல்றான், பெட்டியைச் செஞ்சவன் இன்னொண்ணு சொல்றான். நான் செஞ்சவனை நம்பறேன்.

ஊர் வெக்கைக்கும் ஆயிலுக்கும் சம்பந்தம் இல்லேன்னு சொல்றவங்களுக்கு ஒரு பழைய கதை. 2013 நவம்பர்ல ஃபோக்ஸ்வாகன் உலகம் முழுக்க சுமார் 16 லட்சம் வண்டிகளைத் திருப்பிக் கூப்பிட்டு, ஏழு கியர் டிஎஸ்ஜி பெட்டியில இருந்த சிந்தெட்டிக் ஆயிலை எடுத்துட்டு மினரல் ஆயில் ஊத்திக் கொடுத்தாங்க. வெக்கையும் ஈரப்பதமும் உள்ள ஊர்ல, நின்னு நின்னு ஓட்டினா மின்சாரக் கோளாறு வரலாம்னு காரணம் சொன்னாங்க.

அடுத்த பூச்சாண்டி: "பழைய பெட்டியில ஆயில் மாத்தினா பெட்டியே போயிடும்." இதுல கால்வாசி உண்மை இருக்கு. கிளட்ச் தேஞ்சு, கியர் வழுக்க ஆரம்பிச்சப்புறம்தான் நிறைய பேருக்கு ஆயில் ஞாபகமே வருது. சாகக் கெடந்தவனுக்குக் கடைசியா ஊசி போட்ட டாக்டர் மேல பழி விழற மாதிரிதான் இது. வழுக்கற பெட்டியை எந்தப் புது ஆயிலும் காப்பாத்தாது. வழுக்காத பெட்டியா இருந்தா மெதுவா வடிச்சு ஊத்துங்க, பயப்பட வேண்டாம். மிஷின் வச்சு பிரஷர்ல கழுவித் தர்றேன்னு யாராவது கிளம்பினா, அதிக கிலோமீட்டர் ஓடின வண்டியை அவங்க கிட்ட விடாதீங்க.

சரி, எப்பத்தான் மாத்தறது? மேனுவல்ல இதைவிடக் குறைச்சலா போட்டிருந்தா அதுதான் சட்டம். இல்லேன்னா என் கட்சி இதுதான்:

1. டார்க் கன்வெர்ட்டர்: ஊருக்குள்ள ஓட்டினா 60,000 கிமீ அல்லது அஞ்சு வருஷம். பைபாஸ்லயே ஓடற வண்டின்னா 80,000 வரைக்கும் பொறுக்கலாம்.

2. சிவிடி: 40,000 முதல் 50,000. அதுக்குன்னு உள்ள சிவிடி ஆயில் மட்டும். சாதா ஏடிஎஃப் ஊத்தினா கதை முடிஞ்சுது.

3. டபுள் கிளட்ச்: வெட் கிளட்ச்னா 60,000. அந்த ஆறு கியர் டிஎஸ்ஜிக்கு ஃபோக்ஸ்வாகனே சொல்ற கணக்கு அது. டிரை கிளட்ச்னா மேனுவலைப் பாருங்க.

4. ஏஎம்டி: 2014 செலேரியோவுல இருந்து ஊரெல்லாம் இருக்கே, அது. உள்ள இருக்கறது சாதா மேனுவல் பெட்டிதான், ஏடிஎஃப் பேச்சே கிடையாது. கியர் ஆயிலை மேனுவல் சொல்றப்ப மாத்துங்க.

இன்னொண்ணு. டார்க் கன்வெர்ட்டர் வண்டியில ஒரு தடவை வடிச்சா பாதி ஆயில்கூட வெளிய வராது, மிச்சம் உள்ளயே நிக்கும். ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிட்டு இன்னொரு தடவை வடிச்சு ஊத்துறது நல்லது. அளவு பார்க்கறதும் ஆயில் குறிப்பிட்ட சூட்டுல இருக்கறப்பதான். "கண்ணால பார்த்தே சொல்லிடுவேன்"னு சொல்ற மெக்கானிக்குக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

ஆயில் மாத்த ஆயிரக்கணக்குல ஆகும். பெட்டி போனா லட்சக்கணக்குல ஆகும். வாரண்டிக்கு மட்டும் இத்தனை வருஷம், இத்தனை கிலோமீட்டர்னு எண் போட்டு எழுதித் தர்றாங்களே, இந்த லைஃப் டைமுக்கு யாராவது எண் எழுதித் தந்திருக்காங்களா? எழுதித் தர்ற சர்வீஸ் சென்டர் இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. அடுத்த வண்டி அங்கதான் வாங்கறேன்.