பெயரில் மட்டும் மரம் போதுமா?

சிதம்பரத்தின் பழைய பெயர் தில்லை. கடலூரில் இருக்கிறது திருப்பாதிரிப்புலியூர். தில்லை ஒரு மரம். பாதிரியும் ஒரு மரம். மரங்கள்தான் இந்த ஊர்களுக்குப் பெயர் தந்தன.

"அப்பா, அந்த மரம் எங்கே?" என்று குழந்தை கேட்டால், நம்மில் எத்தனை பேர் காட்டுவோம்?

பாதிரி, பாடலீசுவரர் கோயிலின் தல மரம். தில்லையைக் காடாகக் காண, சிதம்பரத்தில் இருந்து சுமார் 15 கிலோ மீட்டர் தள்ளிப் பிச்சாவரம் போகவேண்டும். அங்கே உப்பங்கழி ஓரம் சுரபுன்னையோடு தில்லையும் வளர்கிறது.

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தபோது, அந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. மரங்கள் அலையின் வேகத்தைத் தணித்தன. மரம் அழகுக்கு மட்டும் அல்ல, உயிருக்கும் காவல்.

ஊர் வளரட்டும். வீடு வேண்டும், சாலையும் வேண்டும். ஆனால் மனை பிரிக்கும்போது, நிற்கிற மரத்தை விட்டுப் பிரிக்கலாமே! குளத்தைத் தூர்க்காமல் இருக்கலாமே!

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உங்கள் தெருவைச் சுற்றி நடந்து வாருங்கள். வேம்பு எது, புங்கன் எது, பூவரசு எது என்று காட்டுங்கள். எத்தனை மரம் என்று எண்ணச் சொல்லுங்கள். பிச்சாவரம் போனால் மட்டும் தில்லையின் கிளையை ஒடிக்க விடாதீர்கள். அதன் பால் கண்ணுக்கு ஆபத்து.

அடுத்த ஆண்டும் எண்ணுங்கள். ஒன்று குறைந்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். பெயர் தெரிந்த மரத்தை வெட்ட யாருக்கும் எளிதில் மனம் வராது.