பட்டியலை மூடுங்கள்: ஃப்ரேசல் வெர்ப் பற்றிய ஐந்து தவறான வாதங்கள்

தேனியிலும் கம்பத்திலும் வங்கித் தேர்வுக்கும் எஸ்.எஸ்.சி. தேர்வுக்கும் தயாராகிற பிள்ளைகளை ஆங்கிலத்தில் அதிகம் அலைக்கழிக்கிற பகுதிகளில் ஒன்று ஃப்ரேசல் வெர்ப். 'கிவ்' என்றால் கொடு, 'அப்' என்றால் மேலே. இரண்டும் சேர்ந்தால் 'கைவிடு' என்று எப்படி ஆகும்? இந்தக் கேள்விக்கு ஊரில் ஒரு பதில் தயாராக இருக்கிறது: "அதுக்கெல்லாம் லாஜிக் கிடையாது தம்பி, மனப்பாடம் பண்ணு." கூடவே அகரவரிசையில் ஐந்நூறு வினைகள் கொண்ட பட்டியல் ஒன்றும் கைக்கு வந்துவிடும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்விலேயே இதற்கு ஒரு மதிப்பெண் கேள்வி உண்டு. ஆகவே பட்டியல் வைத்தியம் பள்ளியிலேயே ஆரம்பித்துவிடுகிறது.

இந்தப் பதிலைத் தாங்கி நிற்பவை ஐந்து வாதங்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வாதம்: "தமிழில் இப்படி ஒரு சங்கதியே இல்லை, தமிழ்வழியில் படித்தவனுக்கு இது ஏறாது."

தமிழில் இது நிறையவே இருக்கிறது. விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறுகிற தாய், "தம்பியப் பாத்துக்க" என்று மூத்த மகளிடம் சொல்லிவிட்டுப் போகிறார். தம்பியைக் கண்ணால் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திரு என்றா அதற்குப் பொருள்? 'பார்' என்ற வினையோடு 'கொள்' சேர்ந்ததும் கவனிப்பு, பொறுப்பு என்று பொருள் மாறிவிட்டது. ஆங்கிலத்தின் 'லுக் ஆஃப்டர்' அதே வேலையைத்தான் செய்கிறது. 'தள்ளிப்போடு' என்பதில் யாரும் எதையும் தள்ளுவதில்லை, போடுவதுமில்லை. 'புட் ஆஃப்' அதற்கு இணை. சரக்கு 'தீர்ந்துபோனால்' அங்கே 'ரன் அவுட்'. 'சொல்லிக்கொடு', 'விட்டுக்கொடு', 'போட்டுக்கொடு' மூன்றிலும் இருப்பது ஒரே 'கொடு'தான். ஒன்று கற்பிக்கிறது, ஒன்று இணங்குகிறது, ஒன்று காட்டிக்கொடுக்கிறது. இவற்றை எந்தப் பிள்ளையும் பட்டியல் போட்டுப் படித்ததில்லை.

வேறுபாடு உண்டு. தமிழ் ஒரு வினையோடு இன்னொரு வினையைச் சேர்க்கிறது. ஆங்கிலம் வினையோடு மேலே, கீழே, வெளியே என்று திசை காட்டும் சிறு சொல்லைச் சேர்க்கிறது. ஆனால் இரண்டு சொல் சேர்ந்து மூன்றாவதாக ஒரு பொருள் பிறக்கும் என்ற அடிப்படை, தமிழ்ப் பிள்ளைக்கு நாலு வயதிலேயே தெரிந்த விஷயம்.

தாய்மொழியில் இல்லாததால்தான் மாணவர்கள் இவற்றைத் தவிர்க்கிறார்கள் என்ற கருத்துக்கு ஆய்வுலகில் ஒரு வரலாறு இருக்கிறது. எபிரேய மொழி பேசும் மாணவர்களை ஆராய்ந்து டகுட்டும் லாஃபரும் 1985இல் அப்படித்தான் எழுதினார்கள். 1989இல் வேறு ஆய்வாளர்கள் டச்சு மாணவர்களைப் பார்த்தபோது கதை சிக்கலானது. டச்சு மொழியில் இவ்வகை வினைகள் ஏராளம். இருந்தும் சிலவற்றை அந்த மாணவர்கள் ஒதுக்கினார்கள். தங்கள் மொழியை அப்படியே உரித்துவைத்தது போல இருந்ததே அவர்களுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. 2004இல் வெளியான ஆய்வில், இவ்வகை வினைகளே இல்லாத சீன மொழியைப் பேசுகிறவர்கள், ஆங்கிலத்தில் தேர்ச்சி கூடக்கூட இவற்றைத் தயங்காமல் கையாண்டார்கள். ஆக, தாய்மொழி மட்டும் தலையெழுத்தைத் தீர்மானிப்பதில்லை. பழக்கத்துக்கும் பெரிய பங்கு உண்டு.

இரண்டாவது வாதம்: "இதில் லாஜிக்கே கிடையாது."

பட்டியலை அகரவரிசையில் அடுக்கினால் லாஜிக் தெரியாதுதான். பின்னால் வரும் சிறு சொல்லை வைத்து அடுக்கிப் பாருங்கள். 'அப்' பெரும்பாலும் முழுமையைக் காட்டும்: 'ஈட் அப்' என்றால் மிச்சமில்லாமல் சாப்பிட்டுவிடு, 'யூஸ் அப்' என்றால் தீர்த்துவிடு, 'ஃபில் அப்' என்றால் நிரப்பிவிடு. நம் 'விடு' செய்கிற வேலை இது. 'ஆஃப்' பிரிவையும் துண்டிப்பையும் காட்டும்: 'கட் ஆஃப்', 'ஸ்விட்ச் ஆஃப்', 'கால் ஆஃப்'. 'அவுட்' இருட்டில் இருப்பதை வெளிச்சத்துக்குக் கொண்டுவரும்: 'ஃபைண்ட் அவுட்', 'பாயிண்ட் அவுட்'. 'டவுன்' பெரும்பாலும் நிற்பதை, குறைவதை, விழுவதைச் சொல்லும். 'கிவ் அப்' கூட இந்த வரிசைக்கு வெளியே இல்லை. எதிரியிடம் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுச் சரணடைவதுதான் அதன் பழைய பொருள். முயற்சியைக் கைவிடுவது அதிலிருந்து ஒரு எட்டு தூரம்.

கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டத்துக்குப் போவோம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை விளையும் பந்தல்கள் அவை. கொடியைக் கவாத்து செய்வதற்கு ஆங்கிலத்தில் 'கட் பேக்' என்பார்கள். குடும்பச் செலவைச் சுருக்குவதற்கும், கம்பெனி உற்பத்தியைக் குறைப்பதற்கும் அதே 'கட் பேக்'தான். கவாத்தைக் கண்ணால் கண்ட பிள்ளைக்கு இந்தப் பொருள் விரிவை விளக்க ஒரு நிமிடம் போதும். பட்டியலில் அது "கட் பேக் – குறை" என்று செத்துக் கிடக்கிறது.

இது வெறும் ஆசிரியர் சாமர்த்தியமும் அல்ல. 'அப்', 'டவுன்' ஆகியவற்றின் பின்னுள்ள கருத்தை விளக்கிக் கற்பித்த ஹங்கேரி மாணவர்கள், மொழிபெயர்ப்பை மட்டும் மனப்பாடம் செய்தவர்களைவிட நன்றாகச் செய்தார்கள் என்று கோவெச்செஷும் சாபோவும் 1996இல் காட்டினார்கள். 2000இல் ஃப்ராங்க் போர்ஸ் செய்த சோதனைகளும் அதே பக்கம் சாய்ந்தன. எந்த விளக்கத்துக்கும் பிடிபடாத சில வினைகள் மிஞ்சத்தான் செய்யும். அவற்றை மனப்பாடம் செய்யலாம். அந்தச் சிலவற்றுக்காக எல்லாவற்றையும் மனப்பாடக் கணக்கில் எழுதுவதுதான் தவறு.

மூன்றாவது வாதம்: "ஆயிரக்கணக்கில் இருக்கிறது, எங்கே படித்து முடிப்பது?"

அகராதியில் ஆயிரக்கணக்கில் இருப்பது உண்மை. புழக்கத்தில் இருப்பது கொஞ்சம். கார்ட்னரும் டேவிஸும் 2007இல் பிரிட்டிஷ் ஆங்கிலத்தின் பத்துக் கோடிச் சொல் தொகுப்பை அலசினார்கள். வெறும் 20 வினைகள் எட்டுச் சிறு சொற்களோடு சேர்ந்து உண்டாக்குபவையே மொத்தப் புழக்கத்தில் பாதிக்குச் சற்று மேல். 'கோ', 'கம்', 'டேக்', 'கெட்', 'செட்' போன்ற அந்த வினைகள் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். 2015இல் கார்னியேயும் ஷ்மிட்டும் கற்பவர்களுக்காகவே ஒரு தேர்வு செய்தார்கள்: 150 வினைகள், அவற்றின் முக்கியப் பொருள்கள் 288. ஒரு வினைக்குச் சராசரியாக இரண்டு பொருள்கூட இல்லை. வாரத்துக்கு மூன்று வினை என்று எடுத்தாலும் ஒரு வருடத்தில் முடிகிற வேலை இது.

நான்காவது வாதம்: "நகரத்துப் பிள்ளை காதால் கேட்கிறான்; நம் பிள்ளைக்கு ஆங்கிலம் காதிலேயே விழுவதில்லை."

நாள் முழுக்க விழுகிறது, நாம்தான் கவனிப்பதில்லை. கம்பம் மெட்டு ஏற்றத்தில் பஸ் நின்றுவிட்டால் 'பிரேக்டவுன்'. மின்வாரியம் பராமரிப்புக்குக் கரண்டை நிறுத்தினால் 'ஷட்டவுன்'. காய்கறி ஏற்றிப் போவது 'பிக்கப்' வண்டி. கல்லூரிச் சேர்க்கைக்கு 'கட்-ஆஃப்', ஆஸ்பத்திரியில் 'செக்கப்', போனில் 'பேக்கப்'. இவை எல்லாம் ஃப்ரேசல் வெர்ப் பெற்ற பிள்ளைகள். பெயர்ச்சொல்லாக நாக்கில் இருப்பதை இரண்டாக உடைத்து வினையாக்கினால் போதும்: 'த பஸ் ப்ரோக் டவுன்', 'தே ஷட் டவுன் த லைன்'. படிப்பே இல்லாத பாட்டிகூட 'பிரேக்டவுன்' என்கிறார். அவர் பேரனுக்கு 'பிரேக் டவுன்' புதுப் பாடம் என்று நாம் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

ஐந்தாவது வாதம்: "இது பேச்சு மொழி, அலுவலக ஆங்கிலத்துக்குத் தேவையில்லை. 'புட் ஆஃப்' தெரியாவிட்டால் 'போஸ்ட்போன்' என்று எழுதிவிட்டுப் போகலாம்."

எழுதும்போது நமக்கு வேண்டிய சொல்லை நாம் தேர்ந்தெடுக்கலாம். படிக்கும்போதும் கேட்கும்போதும் தேர்ந்தெடுப்பவர் எதிரே இருப்பவர். தவிர, அலுவலக ஆங்கிலமே இவற்றின் மேல்தான் நிற்கிறது. முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டத்தை 136 அடிக்குள் கட்டிப்போட 2006இல் கேரளம் கொண்டுவந்த திருத்தச் சட்டத்தை, உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2014 மே 7 அன்று செல்லாது என்று அறிவித்து, 142 அடிக்கு அனுமதி தந்தது. ஒரு சட்டத்தை நீதிமன்றம் இப்படிச் செல்லாததாக்குவதற்குச் சட்ட ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரைக் டவுன்' என்று பெயர். கீழ்க்கோர்ட் தீர்ப்பை ரத்து செய்வது 'செட் அசைட்'. ஆணையை நிறைவேற்றுவது 'கேரி அவுட்'. கூடலூரிலிருந்து உத்தமபாளையம் வரை வயலுக்குத் தண்ணீர் தரும் அணையின் தீர்ப்பை ஆங்கிலத்தில் படிக்க, இந்தப் 'பேச்சு மொழி' தேவைப்படுகிறது.

உண்மையான சிரமம் ஒன்று உண்டு. அதைப் பட்டியல் சொல்லித்தருவதே இல்லை: சொல் வரிசை. 'புட் இட் ஆஃப்' சரி, 'புட் ஆஃப் இட்' தவறு. 'லுக் ஆஃப்டர் ஹிம்' சரி, 'லுக் ஹிம் ஆஃப்டர்' தவறு. தமிழில் "தள்ளித்தான் போட்டான்" என்று இடையில் ஒரு 'தான்' நுழையும், 'அதை' நுழையாது. ஆகவே நம் பிள்ளைகள் தடுக்கி விழுவது இங்கேதான். எந்த வினை பிரியும், எது பிரியாது என்பதற்குத்தான் வகுப்பு நேரம் செலவாக வேண்டும்.

ஆங்கில ஆசிரியர்களுக்கும் பயிற்சி மையம் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அகரவரிசைப் பட்டியலை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பதை நிறுத்துங்கள். 'அப்', 'அவுட்', 'ஆஃப்', 'டவுன்' என்று நாலு தலைப்பு போட்டு, புழக்கத்தில் முதலில் நிற்கிற 150 வினைகளை அவற்றின் கீழும் மிச்சச் சிறு சொற்களின் கீழும் பிரித்துக் கொடுங்கள். ஒவ்வொன்றையும் ஒரு முழு வாக்கியத்தில், 'இட்' வைத்தும் வைக்காமலும் சொல்ல வையுங்கள். அதன் பிறகும் ஒரு பிள்ளைக்கு வரவில்லை என்றால், அப்போது பேசலாம் தமிழ்வழி, கிராமம் என்ற காரணங்களை.