படித்துப் பார்த்தவருக்கும் சம்மனா?

சரித்திரப் பேராசிரியர் என்றால் ராஜா கதை சொல்கிறவர் என்றுதான் பலருக்கும் நினைப்பு. அமெரிக்காவின் டேவிட் ரோஸ்னரும் ஜெரால்டு மார்க்கோவிட்சும் வேறு மாதிரி. இவர்கள் துருவியது கம்பெனிகளின் பழைய கடிதங்களை!

ஈயம் கலந்த பெயிண்டு சுவரில் உரியும். குழந்தை எடுத்து வாயில் போடும். மூளை கெடும். ஈய வெள்ளைப் பெயிண்டைத் தடுக்க பிரான்சு 1909-லேயே சட்டம் போட்டது. அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டுக்குத் தடை வந்தது 1978-ல்! கம்பெனிக்காரர்களுக்கு விஷயம் தெரியாதா? நன்றாகத் தெரியும். அவர்கள் எழுதிய கடிதங்களே சாட்சி. தெரிந்தும், சிறுவன் படம் போட்டு டப்பா விற்றார்கள்.

இதையெல்லாம் 2002-ல் புத்தகமாகப் போட்டார்கள். பிளாஸ்டிக் தொழிலின் வினைல் குளோரைடு விஷமும் அதில் அம்பலம். சும்மா விடுவார்களா? ஒரு புற்றுநோய் வழக்கைச் சாக்கு வைத்து, 2004-ல் 20 ரசாயனக் கம்பெனிகளின் வக்கீல்கள் 5 அறிஞர்களுக்குச் சம்மன் அனுப்பினார்கள். அவர்கள் செய்த குற்றம்? அச்சுக்குப் போகுமுன் படித்துவிட்டு, 'வெளியிடலாம்' என்றதுதான்!

தப்பு இருந்தால் இன்ன பக்கத்தில் தப்பு என்று காட்டலாமே. படித்தவரை மிரட்டுவது என்ன நியாயம்?

2018-ல் இருவரும் கூட்டாளிகளோடு சேர்ந்து லட்சக்கணக்கான பக்கங்களை இண்டர்நெட்டில் போட்டுவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், காசில்லாமல். இனி எத்தனை பேருக்குச் சம்மன் அனுப்புவார்களாம்?