மாரடைப்புக்கு இராகுகாலம் உண்டா?

கோட்டையூர்ப் பக்கத்தில் நெஞ்சுவலி கண்டவனை வண்டியில் ஏற்றும்போதுகூட, "இராகுகாலம் கழியட்டும்" என்பார் இன்றும் இருக்கின்றனர். இராகுகாலமோ ஒன்றரை மணி நேரம். இரத்தக்குழாய் அடைபட்ட இருதயத் தசை நிமிஷத்துக்கு நிமிஷம் செத்துக்கொண்டிருக்குமே, அது பஞ்சாங்கம் பார்க்குமா?

குழாய்க்குள் கம்பி செலுத்தி உடனே அடைப்பைத் திறப்பதே சிறந்த வைத்தியம். அவ்வசதிக்குத் தூரத்திலிருக்கும் கிராமத்தான் சாகவேண்டியதுதானா? பக்கத்து ஆஸ்பத்திரியில் உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் ஊசியைப் போட்டு, பிறகு 3 முதல் 24 மணி நேரத்துக்குள் பெரிய ஆஸ்பத்திரியில் குழாயைச் சோதித்துத் திறந்தால் என்ன?

இதைச் சாமியாடியிடம் கேட்டா தீர்மானித்தார்கள்? தமிழ்நாட்டில் 2012 முதல் 2014 வரை, சிறிய ஆஸ்பத்திரிகளைப் பெரியவற்றோடு இணைத்து, 2,420 நோயாளிகளிடம் முன்னும் பின்னும் கணக்கெடுத்தார்கள். ஓராண்டுக்குள் இறந்தோர் முன்பு நூற்றுக்கு 17.6, பின்பு 14.2. இது 2017-ல் வெளியாயிற்று. அம்மருந்தால் சிலருக்கு இரத்தக்கசிவு நேரும் என்பதையும் வைத்தியர்கள் மறைப்பதில்லை. எந்த சோதிடனாவது தன் பரிகாரம் பலிக்காதவர்களை எண்ணிச் சொன்னதுண்டா?

ஆகவே நெஞ்சு வலித்தால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். உங்களூர் ஆஸ்பத்திரியில் அந்த ஊசி இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். இல்லையென்றால் வைக்கும்வரை விடாதீர்கள்!