இறால் ஓட்டிலிருந்து இதயத்துக்கு ஒட்டு: சிதம்பரத்தில் சாத்தியமா?

மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களின் இதயத்தில் ஒரு தழும்பு தங்கிவிடும். செத்த தசை திரும்ப வளர்வதில்லை. அதைவிடச் சிக்கல், அந்தத் தழும்பு வழியாக மின்சாரம் சரியாகப் போகாது. இதயம் துடிப்பதே மின்சாரத்தால்தானே, ஈசிஜி-யில் பதிவாவதும் அதுதான். பாதை தடைபட்டால் துடிப்பு தாளம் தப்பும்.

சரி, அந்த இடத்தில் ஓர் ஒட்டுப் போட்டால்? உலோகம் சரிப்படாது. ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் முறை சுருங்கி விரிகிற உறுப்பு அது. ரப்பர் மாதிரி இழுபடணும், மின்சாரமும் கடத்தணும். பிளாஸ்டிக்கையும் மின்கடத்தியாக்கலாம் என்று 1977-ல் காட்டிய மூவருக்கு 2000-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. அந்த வகைப் பாலிமர்களில் ஒன்றுதான் பாலிஅனிலின். விலை குறைவு. ஆனால் அமிலத்தன்மை இருந்தால்தான் நன்றாகக் கடத்தும். உடலுக்குள் போனதும் அந்தத் திறன் வடிந்துவிடும்.

2016-ல் சிட்னி, லண்டன் ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழி காட்டினார்கள். தாவரங்களில் கிடைக்கும் ஃபைட்டிக் அமிலத்தைப் பாலிஅனிலினோடு பிணைத்து, கைட்டோசான் படலத்தின் மேல் பூசினார்கள். தையலே இல்லாமல் பச்சை லேசரால் எலியின் இதயத்தில் ஒட்டினார்கள். கடத்தும் திறன் 2 வாரங்களுக்கு மேல் தாக்குப்பிடித்தது. 'மாரடைப்புக்குத் தீர்வு ரெடி' என்று வாட்ஸ்அப் ஃபார்வர்டு வந்தால் நம்பிவிடாதீர்கள். 2 வாரம் எங்கே, ஒரு மனிதரின் ஆயுள் எங்கே!

கைட்டோசான் கிடைப்பது இறால், நண்டு ஓட்டிலிருந்து. கடலூர் துறைமுகப் பக்கம் போனவர்களுக்கு அந்த வாடையே தெரியும். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. சிதம்பரத்தில் மருத்துவக் கல்லூரி, கடலூர் சிப்காட்டில் ரசாயன ஆலைகள். எல்லாம் ஒரு பஸ் தூரம்தான்.

ஆனால் 2021-ல் அந்த மருத்துவக் கல்லூரி பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து சுகாதாரத் துறைக்குப் போனது. கட்டணத்தை எதிர்த்துப் போராடிய மாணவர்களுக்கு அது நியாயமான தீர்வு, அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் இதய மருத்துவர் ஒரு துறை, வேதியியல் பேராசிரியர் இன்னொரு துறை என்றாகிவிட்டது. இரு துறைகளும் சேர்ந்து நடத்தும் ஒரு சிறிய ஆய்வகத்துக்கு அரசு வழி செய்ய வேண்டும்.

அங்கே எடுத்த எடுப்பில் இதய ஒட்டுச் செய்ய வேண்டாம். உடலுக்குள் வைக்கும் அளவுக்குச் சுத்தமான கைட்டோசானைத் தயாரித்தாலே பெரிய விஷயம். ஓட்டைச் சுத்தப்படுத்த அமிலமும் காரமும் நிறைய வேண்டும். சிப்காட் கழிவால் கடலூர் மக்கள் பட்டது போதும், அதனால் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கான செலவை முதல் நாள் பட்ஜெட்டிலேயே சேர்த்துவிட வேண்டும்.