பிறந்தநாள் சாப்பாடும் பிள்ளைகளின் வீடும்

பிறந்தநாள், திருமண நாள், திதி என எந்த நாள் வந்தாலும் குழந்தைகள் இல்லத்துக்கு ஒருவேளைச் சாப்பாடு போடும் வழக்கம் கடலூரிலும் சிதம்பரத்திலும் வேரூன்றிவிட்டது. வடலூரில் 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றுவரை எரிகிற மாவட்டத்தில் கொடுக்கும் மனத்துக்கு என்ன குறை? அந்த மனத்தை மதித்தே ஒன்றைச் சொல்ல வேண்டும். தாயோ பாட்டியோ உயிரோடிருக்கும் பிள்ளையை இல்லத்தில் வைத்துப் பராமரிக்கத் தரும் பணம், அந்தப் பிள்ளை தன் வீட்டிலேயே வளர்வதற்குப் போக வேண்டும். வள்ளலாரின் தருமசாலையில் பசித்தவர்கள் உண்டார்கள். உண்பதற்காக உற்றாரைப் பிரிந்து வரும்படி யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

இல்லங்களில் இருப்போர் எல்லாரும் அநாதைகள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உலகெங்கும் இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் ஐந்தில் நால்வருக்காவது தாய், தந்தையரில் ஒருவர் உயிரோடு இருப்பதாகச் 'சேவ் த சில்ட்ரன்' அமைப்பு 2009-இல் கணக்கிட்டது. அவர்களை அங்கே கொண்டுசேர்ப்பதில் பெரும்பங்கு வறுமைக்கு. நம் கடற்கரையை எண்ணிப் பாருங்கள்: 2004-இல் சுனாமி, 2011-இல் தானே புயல், 2015-இல் பெருவெள்ளம். படகும் முந்திரித் தோப்பும் குடிசையும் போன வீட்டில், கணவனையும் இழந்த பெண் கூலி வேலைக்குப் போனால் பிள்ளையை யார் பார்ப்பது? சோறும் படிப்பும் இல்லத்தில்தான் கிடைக்கும் என்றால் அவள் பிள்ளையை விட்டுவிட்டுத்தான் வருவாள். அதை அவளுடைய விருப்பம் என்று சொல்லிவிட முடியாது. ருமேனியாவின் புக்காரெஸ்ட் நகரில் 2000-இல் தொடங்கிய ஆய்வு, காப்பகத்திலிருந்த 136 சிறு குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனவர்கள், காப்பகத்திலேயே வைக்கப்பட்டவர்களைவிட அறிவிலும் பிறரோடு ஒட்டி உறவாடுவதிலும் முன்னேறினார்கள். முறை வைத்து மாறும் பணியாளர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் 'என் பிள்ளை' என்று நிலையாகச் சொல்ல ஒருவர் வேண்டும்.

சட்டமும் இதையே சொல்கிறது. மாமல்லபுரம் காப்பகங்களில் நடந்த கொடுமை பற்றி 2007-இல் வந்த செய்தி உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கானது. 2017-இல் தீர்ப்பு வந்தது. அதற்கிடையே இயற்றப்பட்ட 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகவே வைக்கிறது. பிள்ளையைக் குடும்பத்தோடு சேர்ப்பதே இல்லத்தின் முதல் நோக்கம் என்கிறது. கொரோனாவில் பெற்றோரை இழந்து உறவினரிடம் வளரும் பிள்ளைகளுக்கு மாதம் 3,000 ரூபாய் என்று 2021-இல் அறிவித்தது தமிழக அரசு. 2025-இல் 'அன்புக் கரங்கள்' திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் தரத் தொடங்கியது. ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டம் குடும்பத்தில் வளரும் பிள்ளைக்குத் தரும் நிதி ஆதரவு மாதம் 4,000 ரூபாய். வெளிநாட்டு நன்கொடையில் காப்பகங்கள் பெருகிய ஆப்பிரிக்காவிலும் காற்று திரும்பிவிட்டது: ருவாண்டா 2012 முதல் இல்லங்களை மூடிப் பிள்ளைகளைக் குடும்பங்களுக்கு அனுப்பியது, கென்யா 2022-இல் பத்தாண்டுத் திட்டமே வகுத்தது.

வீடே ஆபத்தான இடமாக இருந்தால் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. அடியும் பாலியல் கொடுமையும் உள்ள வீட்டுக்குப் பிள்ளையை ஒருநாளும் திருப்பி அனுப்பக்கூடாது. யாருமே இல்லாத பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்காக நல்ல இல்லங்கள் வேண்டும். சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-இல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கி, பள்ளிக்கதவு அடைக்கப்பட்டிருந்த தலித் பிள்ளைகளைப் படிக்கவைக்கவில்லையா என்றும் கேட்கலாம். அது மகத்தான பணி. ஆனால் படிப்புக்காக விடுதியில் தங்கும் பிள்ளை விடுமுறைக்கு ஊர் திரும்பும். வறுமைக்காக இல்லத்தில் விடப்பட்ட பிள்ளைக்கு அந்த உறுதி கிடையாது. வீட்டுக்குக் கொடுத்தால் பணம் குடிக்குப் போய்விடும் என்பது இன்னொரு அச்சம். தாய் அல்லது பிள்ளையின் வங்கிக் கணக்கில் செலுத்தி, பள்ளி வருகையைப் பார்த்து, சமூகப் பணியாளர் மாதம் ஒருமுறை வீட்டுக்குப் போய்வந்தால் அந்த அச்சம் பெரிதும் தீரும். அந்தப் பணியாளரின் சம்பளமும் நன்கொடைக்கு உரிய செலவுதான். சாப்பாட்டுக்குக் கொடுப்பவர்கள் அதற்கு முன்வருவதில்லை. இலைக்கு முன் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துப் படம் எடுக்கும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். அந்த முகங்கள் நம் கொடைக்குச் சான்று அல்ல.

எனவே, அடுத்த பிறந்தநாளுக்குப் பணம் கட்டுமுன் இல்ல நிர்வாகியிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இங்கே எத்தனை பிள்ளைகளுக்கு உறவினர் இருக்கிறார்கள்? சென்ற ஆண்டு எத்தனை பேர் வீடு திரும்பினார்கள்? பதில் இல்லை என்றால், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குச் செல்லுங்கள். தனியாரும் நிதி ஆதரவு அளிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஒரு தாய் தன் பிள்ளையைத் தன்னிடமே வைத்துக்கொள்ள அங்கே உதவுங்கள்.