முழங்காலையும் கவனியுங்கள்



2009இல் யுத்தம் முடிந்தபின் முகமாலை, கிளிநொச்சிப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போன பெண்கள் பலர் இப்போது 40, 50 வயதை எட்டிவிட்டார்கள். முகக்கவசமும் பாரமான பாதுகாப்பு அங்கியும் அணிந்து, வெயிலில் முழந்தாளிட்டு டிடெக்டர் பிடிக்கும் வேலை. நாரியும் முழங்காலும் நோகாமல் இருக்குமா?

வேலை போய்விடுமென்று பலர் நோவை மறைக்கிறார்கள். "மகளின்ர படிப்பு முடியுமட்டும் பொறுப்பன்" என்றார் ஓர் அக்கா. ஆனால் நோவு கவனத்தைக் குலைக்கும். அந்த நிலத்தில் கவனம்தான் உயிர்.

இடைவேளையில் எழுந்து நாரியை நிமிர்த்துங்கள். தாகம் வரமுன்னரே தண்ணீர் குடியுங்கள். வீட்டில் கதிரையில் 10 தடவை இருந்து எழும்பிப் பழகுங்கள். தொடை பலப்பட்டால் முழங்காலுக்குச் சுமை குறையும். நோவு நீடித்தால் வைத்தியரிடம் காட்டுங்கள், மேற்பார்வையாளரிடமும் சொல்லுங்கள். முழந்தாளிடாத வேலை கேட்பது வெட்கமல்ல.

அடுத்த மாதம் சந்திப்போம்.